டயருக்கும் ஸ்வெட்டர் போடும் ஊர்!

நம் ஊரில் தெரிந்தவர் எதிரே வந்தால், ‘சாப்பிட்டாச்சா?’ என்போம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் நவம்பர் பிறந்துவிட்டால் அந்த இடத்தை வேறொரு கேள்வி பிடித்துக்கொள்கிறது: ‘டயர் மாத்தியாச்சா?’

லிஃப்ட்டில் இதே பேச்சு. மளிகைக் கடை வரிசையில் இதே பேச்சு. ஊருக்கு மேற்கே இருக்கும் முருகன் கோயிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போதுகூட, முன்னால் நின்ற இருவர் ‘எனக்கு 24-ஆம் தேதிதான் கிடைச்சது’, ‘எனக்கு 28’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ பெரிய டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போலிருக்கிறது என்று நினைத்தேன். டயர் கடை அப்பாயின்ட்மென்ட்!

மகளுக்குப் பிரசவமாகி ஆறு மாதம். பேரனைப் பார்த்துக்கொள்ள அக்டோபரில் போய் இறங்கினேன். மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக எரியும் பருவம். மவுன்ட் ராயல் குன்றின் மேலிருந்து பார்த்தால் ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்கிறது. அது மூன்று வாரம்தான். பிறகு மரமெல்லாம் மொட்டை. மாலை நாலரை மணிக்கே இருட்டு. அதற்குள் ஊர் முழுக்க நாலு சக்கரத்தையும் கழற்றி, வேறு நாலு மாட்டியாக வேண்டும்.

இது சட்டம். மான்ட்ரியல் இருப்பது கியூபெக் மாகாணத்தில். அங்கே பதிவான கார் எதுவும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. டாக்ஸிக்கும் வாடகைக் காருக்கும்கூட விலக்கு கிடையாது. 2008-ல் வந்தது இந்தச் சட்டம். முதலில் டிசம்பர் 15 என்றுதான் வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே பனி கொட்டிவிடுகிறது என்று 2019-ல் இரண்டு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். மீறினால் 200 முதல் 300 டாலர் அபராதம். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் இப்படிக் கட்டாயமில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். அங்கேயும் பனி ஒன்றும் குறைவாகப் பெய்வதில்லை.

டயரில் என்ன குளிர்காலம், கோடைக்காலம் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். மாப்பிள்ளை என் கையைப் பிடிக்காத குறையாகப் பால்கனிக்கு அழைத்துப் போய், அடுக்கி வைத்திருந்த டயர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காரில் மாட்டியிருந்த டயர் குளிரில் விறைத்து, பலகை போல இருந்தது. பால்கனியில் இருந்தது அதே குளிரிலும் விரலுக்குக் கொஞ்சம் மெத்தென்று அமுங்கியது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, சாதாரண டயரின் ரப்பருக்கும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகத் தொடங்கும், சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. மேலே கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கடித்துப் பிடிக்க அவைதான் பற்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. இந்த முத்திரை இருந்தால்தான் சட்டம் ஒப்புக்கொள்ளும். 1934-லேயே லாரிகளுக்காக முதல் குளிர்கால டயரைச் செய்தது பின்லாந்துக்காரர்கள். நோக்கியன் என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றும் டயர் விற்கிறது.

மான்ட்ரியலில் ஜனவரி சராசரியே மைனஸ் 10 டிகிரியை ஒட்டித்தான். ஒரு குளிர்காலத்தில் பெய்யும் பனியைச் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். ராத்திரியில் திடீரென்று தெருவில் சைரன் அலறும். நான் முதல் தடவை பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் இல்லை, ‘பனி அள்ள வருகிறோம், காரை நகர்த்துங்கள், இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவோம்’ என்று இழுவை வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆளாளுக்கு இறங்கி ஓடுவதைப் பார்க்க வேண்டுமே!

சரி, டயருக்கு வருவோம்.

வீட்டுக்கு வீடு இரண்டு செட் சக்கரம். மான்ட்ரியலின் பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியே, தெருவைப் பார்த்து வளைந்து இறங்கும். அந்தப் படிக்கு அடியில், பால்கனியில், நிலவறையில் என்று எங்கு பார்த்தாலும் டயர். இடமில்லாதவர்கள் டயர் கடையிலேயே ஒரு பருவத்துக்கு வாடகை கொடுத்து வைக்கிறார்கள். மனிதர்கள் வீட்டு வாடகை கொடுக்கத் திண்டாடும் காலத்தில் டயருக்கும் வாடகை! கடைப் பலகையில் எழுதியிருக்கும் பிரெஞ்சு வார்த்தை ‘ப்னூ’. அப்படியென்றால் டயர். அந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட மூன்றாவது பிரெஞ்சு வார்த்தை அது. முதல் இரண்டும் வணக்கமும் நன்றியும்.

மாப்பிள்ளை எப்போதும் போகும் கடை ஒரு யாழ்ப்பாணத்துக்காரருடையது. எண்பதுகளின் கடைசியில் வந்து குடியேறியவர். அவர் வாயில் டயர் ‘ரயர்’, சக்கரம் ‘சில்லு’, கடை ‘கராஜ்’. பேரனையும் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். காரை உள்ளே விட்டதும், டேஷ்போர்டை எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“தம்பி, இதென்ன, பிள்ளையாரை இதிலை இருத்தி வைச்சிருக்கிறியள்?”

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பிள்ளையார் ஸ்டிக்கர். பக்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. அதற்கு அடியில் ஒரு மஞ்சள் விளக்கு இருந்தது. குதிரை லாடம் போல ஒரு படம், அடியில் பல் பல்லாக, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு. அது போன குளிர்காலம் முழுக்க, நாலு மாதத்துக்கும் மேல், விடாமல் எரிந்திருக்கிறது. ராத்திரி ஓட்டும்போது கண்ணை உறுத்துகிறது என்று மாப்பிள்ளை பிள்ளையாரை வைத்து மறைத்துவிட்டார்.

ஏன் எரிந்தது? காற்று குறைந்ததால் அல்ல. கதை இப்படி.

இந்தக் காரின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடிப்பக்கத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு, ‘என் நம்பர் இது, என்னிடம் காற்று இவ்வளவு’ என்று ரேடியோ அலையில் காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நின்றால் தூங்கிவிடும், பேட்டரியை மிச்சப்படுத்த. இது எல்லாக் காருக்கும் வந்ததே ஒரு சோகத்தால்தான். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் பொருத்திய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள், டயரின் மேல்பட்டை பிய்ந்து கவிழ்ந்ததில் பலர் இறந்தார்கள். அதன் பிறகு 2000-ல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் காரிலும் இந்த ஏற்பாடு கட்டாயம். இருக்க வேண்டிய காற்றில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். கனடாவில் அப்படிக் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு நாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே கார்தானே, இங்கேயும் வந்துவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், மாப்பிள்ளை குளிர்காலத்துக்கென்று தனியாகக் கறுப்பு இரும்பு ரிம்மில் நாலு டயர் வாங்கியிருந்தார். அது நல்ல காரியம்தான். ஒரே ரிம்மில் வருஷத்துக்கு இரண்டு தடவை டயரைப் பிரித்து மாட்டினால் ரப்பரின் விளிம்பும் கெடும், உள்ளே இருக்கும் சென்சாரும் உடையலாம். ஆனால் அந்த இரும்பு ரிம்களில் சென்சார் இல்லை. குளிர்காலச் சக்கரம் மாட்டியதும் கார் தன் நாலு சென்சார்களைத் தேடும். காணவில்லை. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் விளக்கு மினுக்கி மினுக்கி அழைக்கும். பிறகு நிலையாக எரியத் தொடங்கிவிடும். காற்று உண்மையிலேயே குறைந்திருந்தால் மினுக்காமல் நேராக எரியும். இந்த வித்தியாசத்தைக் கார் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

‘காற்று சரியாகத்தான் இருக்கு, சும்மா எரியுது’ என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஊரில் பாதிக் கார்களில் குளிர்காலம் முழுக்க அந்த மஞ்சள் விளக்குதான் போலிருக்கிறது. ஏழெட்டு வீட்டில் கேட்டேன், நாலு பேர் ‘ஆமாம், எங்களுக்கும்தான்’ என்றார்கள்.

கராஜ் அண்ணாதான் விடவில்லை. “போன தை மாதம் தங்கச்சிக்கு நடந்ததை மறந்திட்டியளோ?” என்றார்.

எனக்கு அப்போதுதான் தெரியும், போன ஜனவரியில் என்ன நடந்தது என்று. ஃபோனில் ‘எல்லாம் சௌக்கியம்’ என்று மட்டும்தானே சொல்வார்கள்! மகள் நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட். அப்போது கர்ப்பமாக இருந்தாள். அன்றைக்கு மைனஸ் 22. விடியற்காலை வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். வலதுபக்கப் பின்சக்கரத்தில் எப்போதோ ஒரு ஆணி ஏறி, நாலைந்து நாளாகக் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விளக்குதான் ஏற்கெனவே எரிகிறதே, புதிதாக எதைச் சொல்லும்? பனி மிதித்து ஓடும் சாலையில் வண்டி கொஞ்சம் இழுப்பது போலிருந்தால், பனியில் இழுக்கிறது என்றுதான் தோன்றும். சிக்னலில் பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்து, கண்ணாடியை இறக்கி, கையால் கீழே காட்டினார். இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு தரையாக. அடுத்த திருப்பத்தில் அவள் எக்ஸ்பிரஸ்வேயில் ஏற இருந்தாள். உதவி வண்டி வர ஒரு மணி நேரம். அதுவரை அந்த டாக்ஸிக்காரர் தன் காருக்குள் அவளை உட்கார வைத்திருந்தாராம். ஹைட்டிக்காரர் என்று மட்டும் மகளுக்கு நினைவிருக்கிறது. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கராஜ் அண்ணா மறுபடி பிள்ளையாரைக் காட்டினார்.

“பிள்ளையார் வழி காட்டுவார் தம்பி. காத்து எவ்வளவு எண்டு காட்டமாட்டார்.”

புது சென்சார் ஒன்று 70 டாலர் சொன்னார். நாலுக்கு 280. அதோடு ஒவ்வொரு டயரையும் ரிம்மிலிருந்து பிரித்து, சென்சாரைப் பூட்டி, மறுபடி மாட்டி, பேலன்ஸ் பார்க்கும் கூலி தனி. சின்னத் தொகை இல்லை. மகள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள், சம்பளம் குறைவு. ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று மாப்பிள்ளை வாய் வரை வந்ததை நான் பார்த்தேன். பின்சீட்டில் குழந்தை இருக்கை இருந்தது. அதை அவரும் பார்த்தார். “போட்டுடுங்க அண்ணா” என்றார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். கையில் ஒரு கருவியோடு வந்தார் அண்ணா. பழைய மொபைல் ஃபோனுக்குக் கொம்பு முளைத்தது போலிருந்தது. கழற்றி வைத்த கோடைக்காலச் சக்கரம் ஒவ்வொன்றின் வால்வுக்குப் பக்கத்திலும் அதைக் காட்டினார். சென்சார் விழித்து தன் நம்பரைச் சொன்னது. அதே நம்பரைப் புது சென்சாரில் எழுதினார். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று வரிசையாக நாலுக்கும். அவ்வளவுதான். காருக்கு வித்தியாசமே தெரியாது. நம் பழைய சினிமாவில் ஒரே முகத்தோடு இரண்டு ஹீரோ வருவார்களே, அந்த வித்தைதான். ஒருவர் காரில் ஓடும்போது மற்றவர் பால்கனியில் தூங்குவார். இருவரும் ஒரே காட்சியில் வராத வரை பிரச்சினையில்லை.

இப்படி நகல் எடுப்பது ஒரு முறை. வேறு நம்பர் உள்ள சென்சார் போட்டுவிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் காருக்கு அறிமுகம் செய்துவைப்பது இன்னொரு முறை. சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு இந்தக் கருவியை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சென்சாரே இல்லாமல், ஏ.பி.எஸ். பிரேக்கின் கணக்கை வைத்து, ‘இந்தச் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறது, காற்று இறங்கியிருக்கும்’ என்று ஊகிக்கும் கார்களும் உண்டு. அவற்றில் டயர் மாற்றி, காற்றைச் சரியாக நிரப்பி, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். உங்கள் கார் எந்த ரகம் என்று அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள். நாம்தான் அதைப் பிளாஸ்டிக் உறையோடு டேஷ்போர்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோமே!

நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராக, நட்சத்திரம் வரைவது போல இறுக்கினார். “நூறு கிலோமீற்றர் ஓடினாப்பிறகு ஒருக்கா வாங்கோ, திருப்பி இறுக்கிப் பாக்கவேணும்” என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை. வால்வுக்குப் பளபளவென்று உலோக மூடி போட மாப்பிள்ளைக்கு ஆசை. அண்ணா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். சாலையில் பனி உருகக் கொட்டும் உப்பு பட்டு, உலோக மூடி வால்வோடு ஒட்டிக்கொள்ளும். முறுக்கித் திறக்கப் போனால் சென்சாரின் தண்டே முறிந்து வரும். பிளாஸ்டிக் மூடிதான் உத்தமம்.

பிள்ளையாரைப் பத்திரமாகப் பிரித்தெடுத்து, கையுறை வைக்கும் பெட்டியின் மேல் ஒட்டினோம். விளக்கு அணைந்துவிட்டது.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை அது மறுபடி எரிந்தது. மினுக்காமல், நேராக. பயந்துவிட்டோம். ஆணி இல்லை, பஞ்சர் இல்லை. குளிர்! வெப்பம் குறைந்தால் டயருக்குள் இருக்கும் காற்றும் சுருங்கும். கணக்குப் போட்டால், 20 டிகிரி இதமான கராஜுக்குள் 35 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், மைனஸ் 20-ல் தெருவில் நிற்கும்போது 28-க்கு வந்துவிடுகிறது. விளக்கு எரிய 26 போதும். நடுவில் இயல்பாகக் கசியும் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் பெட்ரோல் பங்குக்குப் போனோம். அங்கே காற்றுக்கும் காசு! உறைந்த குழாயைப் பிடித்தபடி மாப்பிள்ளை நாலு டயருக்கும் நிரப்ப, நான் காருக்குள்ளிருந்து ‘போதுமா, போதுமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊர் பங்கில் ‘அண்ணே, காத்து’ என்றால் பையன் ஓடிவந்து பிடிப்பானே, அந்த நினைப்பு வந்தது.

நம் ஊர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பனி டயர் தேவையில்லை. ஆனால் இந்த விளக்கு இங்கேயும் பல புதுக் கார்களில் வந்துவிட்டது. இந்த சென்சாரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று 2020-ல் மத்திய அரசே விதியைத் திருத்தியிருக்கிறது. எனவே டயர் மாற்றவோ பஞ்சர் ஒட்டவோ கொடுக்கும்போது, ‘உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் பார்த்துக் கழட்டுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கம்பியை வைத்து நெம்பும் முதல் நெம்பிலேயே உடையக்கூடிய சாமான் அது.

மார்ச் 15-ஆம் தேதி சட்டப்படி கெடு முடிந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் யாரும் அன்றே கழற்றுவதில்லை. காலையில் வெயில், மாலையில் பனி என்று ஏப்ரல் வரை வானம் விளையாடும். 7 டிகிரிக்கு மேல் நிலையாக வந்த பிறகுதான் மாற்றுகிறார்கள். அதற்குள் சாலையெல்லாம் பள்ளம். உருகிய நீர் விரிசலுக்குள் இறங்கி, ராத்திரி உறைந்து விரிந்து, தாரைப் பெயர்த்துவிடுகிறது. அந்தப் பள்ளத்துக்கு பிரெஞ்சில் பெயர் ‘நீ த பூல்’. கோழியின் கூடு என்று அர்த்தம்! நான் பார்த்த சில பள்ளங்களில் கோழி என்ன, வான்கோழியே குடும்பத்தோடு அடைகாக்கலாம்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து மறுபடி அதே கராஜ். கோடைக்காலச் சக்கரம் மாட்டி, ஒரு சுற்று ஓட்டி வந்தால், விளக்கு மினுக்குகிறது. முன் வலது சென்சார் பேசவில்லை. காருக்கு எட்டு வயது. சென்சாரின் பேட்டரி உயிரை விட்டுவிட்டது. ஐந்து முதல் பத்து வருஷம்தான் அதன் ஆயுள். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதபடி பிசின் ஊற்றி அடைத்திருக்கிறார்கள்.

“செத்துப்போனது தன்ர நம்பரைச் சொல்லாதே, இப்ப என்ன செய்யிறது?” என்று மாப்பிள்ளை கவலைப்பட்டார். யாழ்ப்பாணத் தமிழ் அவருக்கும் தொற்றிவிட்டது.

அண்ணா பதில் சொல்லாமல் மூலைக்குப் போனார். அப்போதுதான் கழற்றி அடுக்கிய குளிர்காலச் சக்கரங்களில், சாக்பீஸால் ‘மு.வ.’ என்று எழுதியிருந்ததைத் தேடி, கருவியை அதன் வால்வில் வைத்தார். போன நவம்பரில் எழுதிய அதே நம்பர் திரையில் வந்தது. அதைப் புதியதில் ஏற்றி, டயரைப் பிரித்து, உள்ளே பூட்டினார். பழையதை என் கையில் கொடுத்தார். இவ்வளவு சின்னதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்த பேரன் லபக்கென்று பிடுங்கி வாயில் வைக்கப் போக, அண்ணாவும் மாப்பிள்ளையும் நானும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.